சொந்தப் படகில் அயல்நாடு செல்லுதல்: நுழைவு நடைமுறைகள்

சொந்தமாகவோ வாடகைக்கு எடுத்தோ வைத்திருக்கும் பாய்மரப் படகில் அல்லது இயந்திரப் படகில் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கடல் வழியே செல்பவர்கள், அந்த நாட்டு மண்ணில் கால் வைக்கும் முன் முடிக்க வேண்டிய அரசு நடைமுறைகளே நுழைவு நடைமுறைகள் எனப்படுகின்றன. இத்தகைய படகுகள் உலகெங்கும் யாட் என்று அழைக்கப்படுகின்றன. உடல்நலம், குடியேற்றம், சுங்கம், துறைமுகம் ஆகிய நான்கு துறைகளின் அனுமதி பெரும்பாலான நாடுகளில் தேவைப்படும்.

விமானத்தில் செல்பவருக்கு இந்த வேலையில் பெரும்பகுதியை விமான நிறுவனமே செய்துவிடுகிறது. விசா இல்லாதவரை அது விமானத்தில் ஏற்றுவதில்லை. இறங்கியவரும் குடியேற்றச் சாளரத்தைக் கடக்காமல் வெளியே வர முடியாது. கடலில் அப்படி ஒரு கதவு இல்லை. ஆகவே, கதவு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு தானே அங்கு சென்று தட்டும் பொறுப்பைச் சட்டம் படகின் தலைவர்மீது வைக்கிறது. படகு பத்து மீட்டர் நீளமே இருந்தாலும், அதில் இருப்பவர் ஒருவரே ஆனாலும், சட்டத்தின் பார்வையில் அவர் ஒரு கப்பலின் தலைவர். வட இலங்கைக் கடலோடிகள் இப்பொறுப்பில் இருப்பவரைத் தண்டையல் என்பர்.

சரக்கும் படகும்

உள்நாட்டில் இருப்பவருக்கு இதை விளக்க ஓர் எளிய ஒப்பீடு உதவும். திருப்பூரை அடுத்த அனுப்பர்பாளையத்தில் தைத்த பின்னலாடை தூத்துக்குடி வழியே வெளிநாடு போக வேண்டுமானால், பெட்டியோடு விலைப்பட்டியல், பெட்டிவாரிப் பட்டியல், ஏற்றுமதிக்கான கப்பல் பட்டி ஆகியவை போக வேண்டும். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று ஏற்றுமதியாளர் முன்கூட்டியே அறிவிக்கிறார். அதிகாரி சரிபார்த்து விடுவிக்கிறார். யாட்டுக்கும் இதே முறைதான். ஒரே வேறுபாடு, இங்கே ஏற்றுமதியாளர், முகவர், கப்பல் நிறுவனம், பயணி ஆகிய எல்லா வேலையும் ஒரே ஆளின் தலையில் விழுகிறது. இந்தியாவில் இரண்டுக்கும் அடிப்படை ஒரே சட்டம்: 1962-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம்.

வரலாறு

அயல்நாட்டுக் கப்பல்கள் குறிப்பிட்ட துறையில்தான் கரைசேர வேண்டும் என்ற விதி புதிதல்ல. யாழ்ப்பாணத்துக்கு அருகே உள்ள நயினாதீவில், நாகபூசணி அம்மன் கோயிலில், 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று உள்ளது. இலங்கை மன்னன் முதலாம் பராக்கிரமபாகு வெளியிட்ட ஆணை அது. பரதேசிகள் ஊராத்துறையில் வந்து தங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்பட வேண்டும் என்று அது கூறுகிறது. ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறை. யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மீதி உடையவருக்கு. வணிகப் பொருள் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி என்றும் அது வகுக்கிறது. நுழைவுத் துறை, வந்தவருக்குக் காப்பு, அரசின் பங்கு என்று இன்றைய நடைமுறையின் மூன்று கூறுகளும் அதில் உள்ளன.

காவிரிப்பூம்பட்டினத்தில் சுங்க அதிகாரிகள் சரக்குகளின்மீது புலி முத்திரை இட்டதைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. உடல்நலச் சோதனையின் வேர் ஐரோப்பாவில் உள்ளது. கொள்ளைநோய்க்கு அஞ்சி, இன்று துப்ரோவ்னிக் எனப்படும் ரகுசா நகரம் 1377-இல் வெளியூர்க் கப்பல்களை 30 நாள் ஒதுக்கி நிறுத்தியது. பின்னர் இக்காலம் 40 நாளாக நீண்டது. இத்தாலிய மொழியில் நாற்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்தே குவாரன்டைன் என்ற சொல் பிறந்தது.

தமிழர் ஓட்டிய படகொன்றின் நெடும்பயணமும் இங்கே குறிப்பிடத்தக்கது. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கக் கடலோடி வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் விலைக்கு வாங்கித் தன் மனைவியின் பெயரால் புளோரன்ஸ் சி. ராபின்சன் என்று பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகளே அதைச் செலுத்தினர். அது 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது.

கடல் எல்லைகள்

1982-ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடற்சட்ட உடன்படிக்கை கடலைப் பல வளையங்களாகப் பிரிக்கிறது. ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர்.

• கரையின் அடிக்கோட்டிலிருந்து 12 கடல் மைல் வரை ஆட்சிக்கடல். இங்கே அந்த நாட்டின் இறையாண்மை செல்லும்.
• 24 கடல் மைல் வரை அடுத்துள்ள வளையம். சுங்கம், குடியேற்றம், உடல்நலம், வரி தொடர்பான மீறல்களைத் தடுக்க நாடு நடவடிக்கை எடுக்கலாம்.
• 200 கடல் மைல் வரை தனிப் பொருளாதார மண்டலம். மீன், கனிமம் முதலியவற்றின் உரிமை அந்த நாட்டுக்கு. கப்பல் போக்குவரத்துக்குத் தடையில்லை.

இந்தியா இதே அளவுகளை 1976-ஆம் ஆண்டின் சட்டத்திலேயே வகுத்துக்கொண்டது.

ஆட்சிக்கடலுக்குள் அயல்நாட்டுப் படகு நுழைவதே குற்றமாகாது. நாட்டின் அமைதிக்கும் பாதுகாப்புக்கும் கேடு செய்யாமல், நிற்காமல், விரைவாகக் கடந்து போகும் உரிமை எல்லாக் கப்பல்களுக்கும் உண்டு. இது தீங்கற்ற கடப்பு எனப்படும். ஆனால் நங்கூரமிட்டு நீந்துவது, மீன் பிடிப்பது, இன்னொரு படகிலிருந்து பொருள் வாங்குவது ஆகியவை கடந்து போவதாகாது. அந்தக் கணத்திலிருந்து நுழைவு விதிகள் பொருந்தத் தொடங்கும்.

நடைமுறை எப்படி நடக்கிறது

1. புறப்பாட்டுச் சான்று: கடைசியாக இருந்த நாட்டின் துறைமுகத்தில் குடியேற்றமும் சுங்கமும் முடித்துப் புறப்பாட்டுச் சான்று பெற வேண்டும். அடுத்த நாட்டில் முதலில் கேட்கப்படும் தாள் பெரும்பாலும் இதுவே. இது இல்லையென்றால், எங்கிருந்து வந்தீர்கள் என்ற கேள்விக்குச் சான்றில்லாமல் நிற்க நேரும்.

2. முன்னறிவிப்பு: வரும் நாள், நேரம், துறைமுகம், படகிலுள்ளோர் விவரம் ஆகியவற்றை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். எவ்வளவு முன்பு என்பது நாட்டுக்கு நாடு மாறும்.

3. வானொலித் தொடர்பு: துறைமுகத்தை நெருங்கும்போது மீஉயர் அலைவரிசை வானொலியின் 16-ஆம் அலைத்தடத்தில் துறைமுகக் கட்டுப்பாட்டு நிலையத்தை அழைத்து, படகின் பெயர், கொடி, ஆட்கள் எண்ணிக்கை, கடைசித் துறைமுகம் ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். நிலையம் வேறொரு தடத்துக்கு மாறச் சொல்லி, எங்கே நங்கூரமிடுவது என்று வழிகாட்டும்.

4. மஞ்சள் கொடி: கியூ கொடி எனப்படும் முழு மஞ்சள் கொடியை ஏற்ற வேண்டும். "என் படகில் நோயில்லை, கரையோடு தொடர்புகொள்ள அனுமதி கேட்கிறேன்" என்பது இதன் பொருள். அனுமதி கிடைத்த பின் இதை இறக்கிவிட்டு, விருந்தளிக்கும் நாட்டின் கொடியை வலப்புறம் மரியாதைக் கொடியாகப் பறக்கவிடுவது வழக்கம்.

5. படகிலேயே காத்திருத்தல்: அதிகாரிகள் வரும்வரை, அல்லது அழைக்கும்வரை, யாரும் இறங்கக் கூடாது. பல நாடுகளில் தலைவர் மட்டும் தாள்களோடு கரைக்குச் செல்லலாம். மற்றவர்கள் படகிலேயே இருக்க வேண்டும். பல நாள் கடலில் அலைந்து வந்தவர்கள் கயிற்றைக் கட்டியதும் தேநீர் குடிக்க இறங்கிவிடுவதே மிகச் சாதாரணமாக நடக்கும் மீறல்.

6. நான்கு துறைகள்: முதலில் உடல்நலம், பிறகு குடியேற்றம், சுங்கம், துறைமுகம் என்பது பொதுவான வரிசை. சில நாடுகளில் வேளாண் நோய்த்தடுப்புத் துறையும் வரும். பழம், இறைச்சி, விதை, மரப்பொருள் ஆகியவற்றைச் சோதிக்கும்.

7. புறப்பாடு: நாட்டை விட்டுப் போகும்போது இதே வரிசை மறுபடியும் நடக்கும். முடிவில் கிடைக்கும் சான்று அடுத்த நாட்டின் முதல் தாளாகிறது.

தேவைப்படும் ஆவணங்கள்

• படகின் பதிவுச் சான்று. படகுக்கும் குடியுரிமை உண்டு. எந்த நாட்டில் பதிவோ அந்தக் கொடி.
• உரிமையாளர் உடன் இல்லையென்றால், படகை ஓட்ட அவர் தந்த அதிகாரக் கடிதம்.
• எல்லோருடைய கடவுச்சீட்டும் விசாவும்.
• ஆட்கள் பட்டியல். பெயர், பிறந்த நாள், கடவுச்சீட்டு எண், பொறுப்பு ஆகியவை அதில் இருக்க வேண்டும். ஐந்தாறு படிகள் வைத்திருப்பது நல்லது.
• கடைசித் துறைமுகத்தின் புறப்பாட்டுச் சான்று.
• காப்பீட்டுச் சான்று, வானொலி உரிமம்.
• இருப்புப் பட்டியல். மது, புகையிலை, மருந்து, எரிபொருள், பணம், விலையுயர்ந்த கருவிகள்.
• ஆயுதம் இருந்தால் அதன் உரிமமும் தோட்டாக்களின் எண்ணிக்கையும்.
• வளர்ப்பு விலங்கு இருந்தால் தடுப்பூசிச் சான்று.

இவற்றில் ஆட்கள் பட்டியல் தனிக் கவனத்துக்குரியது. நான்கு பேராக வந்த படகு மூன்று பேராகத் திரும்பினால், நான்காமவர் எங்கே என்று பதில் சொல்ல வேண்டியவர் தலைவரே. ஒருவர் நடுவில் விமானத்தில் ஊர் திரும்புவதானால், அதை முதலில் குடியேற்ற அதிகாரியிடம் பதிந்து பட்டியலில் நீக்க வேண்டும்.

ஆளுக்கு ஒரு கெடு, படகுக்கு ஒரு கெடு

பலரும் தடுக்கி விழும் இடம் இது. ஒரு நாட்டில் ஆள் தங்கும் காலமும் படகு தங்கும் காலமும் வெவ்வேறு. ஆளுக்கு விசா, படகுக்குத் தற்காலிக இறக்குமதி அனுமதி. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வாழ்பவரின் படகு அங்கே பொதுவாக 18 மாதம் வரியின்றி நிற்கலாம். ஆனால் குறுகிய கால விசாவில் செங்கன் பகுதிக்கு வந்தவர் எந்த 180 நாளிலும் 90 நாளுக்கு மேல் தங்க முடியாது. ஆகவே படகை அங்கே விட்டுவிட்டு ஆள் வெளியேறி, பிறகு திரும்பிவர வேண்டியிருக்கும். கெடு கடந்தால் படகு இறக்குமதி செய்யப்பட்ட பொருளாகக் கருதப்பட்டு, அதன் விலைக்கேற்ப வரி விதிக்கப்படலாம்.

இந்தியாவுக்குள் நுழைதல்

சுங்கச் சட்டத்தின் 29-ஆம் பிரிவின்படி, வெளிநாட்டிலிருந்து வரும் கலம் சுங்கத் துறைமுகமாக அறிவிக்கப்பட்ட இடத்தில்தான் முதலில் கரைசேர வேண்டும். 42-ஆம் பிரிவின்படி, அதிகாரியின் எழுத்து ஆணையின்றி அது புறப்படக் கூடாது. மீறினால் படகையே பறிமுதல் செய்யவும் சட்டத்தில் இடமுண்டு. மகாபலிபுரத்துக் கடற்கரை கோயிலைப் பார்த்ததும் அங்கேயே நங்கூரமிடலாம் என்று தோன்றலாம். அதற்கு முன் சென்னைத் துறைமுகத்தில் நுழைவு முடித்திருக்க வேண்டும்.

விசா விஷயத்தில், மின்விசா பெற்றவர்கள் அதற்கென அறிவிக்கப்பட்ட துறைமுகங்கள் வழியாகவே நுழைய முடியும். சென்னை, கொச்சி, மங்களூரு, மர்மகோவா, மும்பை ஆகியவை அவற்றில் அடங்கும். குடியேற்றத்துக்கான பழைய சட்டங்கள் நான்குக்கும் பதிலாக 2025-ஆம் ஆண்டின் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் அதே ஆண்டு செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது.

ஒரு துறைமுகத்தில் நுழைவு பெற்றால் கடற்கரை முழுவதும் விருப்பம்போல் சுற்றலாம் என்று பொருளில்லை. ஒவ்வொரு துறைமுகத்திலிருந்தும் அனுமதி பெற்று, அடுத்த துறைமுகத்தில் மீண்டும் பதிய வேண்டும். 2008 நவம்பரில் மும்பையைத் தாக்கியவர்கள் இந்திய மீன்பிடிப் படகொன்றைக் கைப்பற்றிக் கடல் வழியே வந்த பிறகு, கடற்கரைக் காவல் மிகவும் இறுகிவிட்டது. யாட்டில் வரும் வெளிநாட்டவர் பொறுமையிழக்கும் கேள்விகள் பலவற்றுக்கும் இதுவே பின்னணி.

யாட்டில் வருவோர் அதிகம் நாடும் இந்திய இடம் கொச்சி. அங்கே போல்காட்டித் தீவில் கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறை உள்ளது. வோல்வோ பெருங்கடல் பந்தயத்தின் படகுகள் 2008 டிசம்பரில் கொச்சியில் தங்கின.

இந்தியாவில் தனிக் கவனம் தேவைப்படுபவை சில:

• செயற்கைக்கோள் தொலைபேசி: துரையா, இரிடியம் கருவிகளை முன் அனுமதியின்றி இந்தியாவுக்குள் வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் குற்றம். நடுக்கடலில் உயிர் காக்கும் கருவி இதுவே என்பதால், ஏறக்குறைய எல்லா யாட்டிலும் இது இருக்கும். ஆகவே வந்தவுடன் இதை எழுத்தில் அறிவிக்க வேண்டும்.
• ட்ரோன்: வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்கு 2022 பிப்ரவரி முதல் தடை உள்ளது.
• மின்சிகரெட்: 2019 முதல் தடை செய்யப்பட்ட பொருள்.

இலங்கை

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். நல்ல காற்றில் பாய்மரப் படகு சில மணி நேரத்தில் கடந்துவிடும். ஆனால் ஒரு யாட் இராமேசுவரத்தில் புறப்பட்டுத் தலைமன்னாரில் இறங்கிவிட முடியாது. 1974, 1976 ஒப்பந்தங்கள் வகுத்த எல்லைக்கோடு இடையே செல்கிறது. இரு கரை மீனவர்களும் அந்தக் கோட்டின் விலையை நன்கு அறிவர். இலங்கைக்கு வரும் யாட்கள் வழக்கமாகக் காலியிலும் திருகோணமலையிலும் நுழைவு பெறுகின்றன. உள்ளூர் முகவர் ஒருவரை அமர்த்திக்கொள்ள வேண்டும்; துறைக்குள் வரும் முன் கடற்படையினர் படகைச் சோதிப்பதும் உண்டு.

சொல்லாட்சியிலும் ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது நல்லது. தமிழ்நாட்டில் குடியேற்றத் துறை என்று சொல்லப்படுவது இலங்கையில் குடிவரவு குடியகல்வுத் திணைக்களம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் குடிநுழைவுத் துறை.

பிற நாடுகள்

ஆஸ்திரேலியா: கரைசேர்வதற்குக் குறைந்தது 12 மணி நேரம் முன்பே அறிவிக்க வேண்டும். எல்லோருக்கும் முன்பே விசா இருக்க வேண்டும். உணவு, மரம், பூச்சி தொடர்பான சோதனை மிகக் கடுமையானது.

நியூசிலாந்து: 48 மணி நேரம் முன்னறிவிப்பு. படகின் அடிப்பாகம் கொட்டலசு, பாசி இன்றித் தூய்மையாக இருப்பதற்குச் சான்று காட்ட வேண்டும். அயல் உயிரினங்கள் அங்குள்ள கடலில் பரவாமல் தடுக்கவே இந்த விதி.

அமெரிக்கா: விசா விலக்குள்ள நாட்டவர்கூடச் சொந்தப் படகில் வருவதானால் விசா எடுத்தே வர வேண்டும். விசா விலக்கு, அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்ட விமான, கப்பல் நிறுவனங்களில் வருவோருக்கே பொருந்தும்.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு இந்தப் பட்டியலில் ஒரு பாடம் உண்டு. படகு, காற்று, பணம் எல்லாம் கைகூடினாலும் பயணத் திட்டத்தை முடிவு செய்வது விசாவே. வணிகக் கப்பல் மாலுமிகளுக்குக் கிடைக்கும் சலுகைகளை யாட்டில் போவோர் எதிர்பார்க்க முடியாது. பருவக்காற்றுக்கு ஏற்பப் புறப்படும் மாதத்தைக் குறித்த பின், அந்த மாதத்தில் செல்லுபடியாகும் விசாவைப் பெறுவதே பெரும் வேலை.

ஆபத்தில் வருதல்

புயல், பழுது, நோய் ஆகியவற்றால் அறிவிக்கப்படாத இடத்தில் கரையேற நேர்ந்தால், சட்டம் அதைப் புரிந்துகொள்கிறது. மேலே சொன்ன 29-ஆம் பிரிவே இதற்கும் வழி வகுக்கிறது. தலைவர் உடனே அருகிலுள்ள சுங்க அதிகாரியிடமோ காவல் நிலையப் பொறுப்பாளரிடமோ தெரிவிக்க வேண்டும். கேட்டால் பயணப் பதிவேட்டைக் காட்ட வேண்டும். அனுமதியின்றிப் பொருளை இறக்கவோ ஆட்களை விலகிச் செல்ல விடவோ கூடாது. உடல்நலம், பாதுகாப்பு, உயிர்காப்பு ஆகியவற்றுக்காக விலகுவதற்கு மட்டும் விலக்கு உண்டு.

உலகைத் தனியே சுற்றும் கோல்டன் குளோப் பந்தயத்தில் 2018 செப்டம்பரில் இந்தியாவின் அபிலாஷ் டோமி தென்னிந்தியப் பெருங்கடலில் பாய்மரம் முறிந்து முதுகில் காயமடைந்தார். பிரெஞ்சு மீன்வளக் கப்பலான ஓசிரிஸ் அவரை மீட்டுப் பிரான்சின் ஆட்சிக்குட்பட்ட ஆம்ஸ்டர்டாம் தீவுக்குக் கொண்டுசென்றது. முதலில் உயிர், பிறகே தாள் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட கடல் வழக்கம்.

தூத்துக்குடி வழக்கு

ஆனால் ஆபத்து என்று சொன்னால் மட்டும் போதாது. அதைக் காட்ட வேண்டும். சீமேன் கார்டு ஓஹியோ வழக்கு இதற்கு எடுத்துக்காட்டு. அது யாட் அல்ல. கடற்கொள்ளையரிடமிருந்து வணிகக் கப்பல்களைக் காக்கும் ஆயுதக் காவலர்களைச் சுமந்த, சியரா லியோன் கொடி கொண்ட தனியார் கப்பல். 2013 அக்டோபர் 12 அன்று இந்தியக் கடலோரக் காவல்படை அதைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தது. கப்பலிலிருந்த 35 பேர்மீது, அனுமதியின்றி ஆயுதங்களோடு இந்தியக் கடலில் நுழைந்ததாகவும், உள்ளூர்ப் படகிலிருந்து டீசல் வாங்கியதாகவும் வழக்குத் தொடரப்பட்டது. பிரிட்டன், எஸ்தோனியா, உக்ரைன், இந்தியா ஆகிய நாடுகளைச் சேர்ந்தவர்கள் அவர்கள். எரிபொருள் தேவையாலும் வானிலையாலும் அங்கே வர நேர்ந்தது என்பது அவர்கள் தரப்பு.

2016 ஜனவரியில் தூத்துக்குடி நீதிமன்றம் அவர்களுக்கு 5 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. 2017 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அனைவரையும் விடுதலை செய்தது. குற்றமில்லை என்று முடிவாக நான்கு ஆண்டுகள் ஆயின. கடலின் எந்தப் புள்ளியில் இருந்தோம், ஏன் அங்கே வந்தோம், கப்பலில் என்ன இருந்தது, யாரிடம் சொன்னோம் என்ற கேள்விகளே அந்த நான்கு ஆண்டும் பேசப்பட்டன. நுழைவு நடைமுறை என்பது இதே கேள்விகளுக்கு ஒரு மணி நேரத்தில், எழுத்தில், வருமுன்பே விடை தருவதுதான்.

பயணத்துக்கு முன் நினைவில் கொள்ள வேண்டியவை

• செல்லும் நாட்டின் சுங்க, குடியேற்றத் துறைகளின் இணையதளங்களைப் புறப்படும் முன் மறுபடியும் பார்க்க வேண்டும். விதிகள் அடிக்கடி மாறும்.
• அலுவலக நேரத்தில், வேலைநாளில் கரைசேருமாறு திட்டமிட வேண்டும். விடுமுறை நாளில் வந்தால் கூடுதல் கட்டணமும் காத்திருப்பும் நேரலாம்.
• சந்தேகமுள்ள பொருளை மறைக்காமல் பட்டியலில் எழுத வேண்டும். அறிவித்த பொருளை அதிகாரி முத்திரையிட்டு வைக்கலாம். அறிவிக்காத பொருள் சிக்கினால் அதுவே கடத்தலாகும்.
• வாங்கிய ஒவ்வொரு சான்றிலும் நாளும் முத்திரையும் சரியாக உள்ளனவா என்று அங்கேயே பார்த்துவிட வேண்டும்.
• பயணப் பதிவேட்டை நாள்தோறும் எழுத வேண்டும். ஆபத்தில் வந்தோம் என்பதற்கு அதுவே முதல் சாட்சி.